சம்பந்திகளின் ஜோடித் திட்டம்

கிரேன்காரருக்கு உலகத்தில் பேச்சுத்துணை என்று இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அது அவருடைய சம்பந்தி, மகளின் மாமனார்.

மனைவி இருக்கிறாளே என்று கேட்கலாம். இருக்கிறாள். ஆனால் அவள் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தே ஓய்வு பெற்றவள். யார் பேசினாலும் "சொல்லுங்க" என்பாள். விஷயம் முடிந்த நொடியில் துண்டித்துவிடுவாள். கதை, கிளைக்கதை, நடுவில் ஒரு கொட்டாவி, திரும்பவும் கதை என்று விரித்துப் பேசுவதற்கு அவள் ஆளில்லை. மகளும் மருமகனும் வேறு ஊரில் வேலையில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திரையில் வந்து "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" என்று கேட்டுவிட்டு, வாய் திறந்தபடியே உறைந்துபோவார்கள்.

நண்பர்கள்? கிரேன்காரர் உத்தியோக காலம் முழுவதையும் துறைமுகத்தில், மேகங்களுக்குப் பக்கத்து வீட்டில் கழித்தவர். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒற்றை நாற்காலி. கீழே மனிதர்கள் மிளகு மிளகாகத் தெரிவார்கள். காலையில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறக்கம். நடுவில் அவரை விசாரிக்க வந்தவை கடற்பறவைகள் மட்டும். அவற்றில் இரண்டு மூன்று கடைசிக் காலத்தில் தூரத்து உறவு மாதிரியே ஆகிவிட்டன. ஓய்வு பெற்றுத் தரைக்கு வந்து பார்த்தால், அவர் வயதுக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே இரண்டிரண்டு பேராகப் பூங்கா பெஞ்சுகளைப் பங்கு போட்டு முடித்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, சம்பந்தி கிடைத்தார். மருந்துக்கடைக்காரர். நாலு தெரு தள்ளி வீடு. கடையை விற்றுவிட்டு அவரும் சும்மா இருந்தார். தினம் சாயங்காலம் கிரேன்காரர் வீட்டு அழைப்பு மணியை அடிப்பார். அதற்கு வெகுநேரம் முன்பே கிரேன்காரர் சட்டை மாற்றிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் ஏதோ தற்செயலாக நிற்பதுபோல் நின்றிருப்பார். உட்கார்ந்தார்களானால் பேச்சு சர்க்கரை அளவில் ஆரம்பித்து, சந்திரனில் தண்ணீர் உண்டா இல்லையா என்பது வரை போய், திரும்பவும் சர்க்கரைக்கே வந்து இறங்கும்.

ஒரே ஒரு தொந்தரவு, மரியாதை.

சம்பந்திகள் இருவரும் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையில் ஒரு பேரரசையே நடத்தியிருக்கலாம். தட்டில் கடைசி பிஸ்கட் இருந்தால் "நீங்க எடுத்துக்கங்க சம்பந்தி", "சேச்சே, நீங்க" என்று அது நமுத்துப்போகும்வரை நடக்கும். ஒருமுறை லிஃப்ட் வாசலில் "நீங்க முதல்ல", "நீங்கதான் முதல்ல" என்று இருவரும் நின்ற நிற்பில், லிஃப்ட் ஏழாம் மாடிக்குப் போய், அங்கிருந்த குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, மறுபடி போய், அதே குடும்பம் கடைக்குப் போய்த் திரும்பி வரும்போதும் இருவரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.

போதாக்குறைக்கு இருவர் தொழிலும் கேள்வி கேட்காத தொழில். கிரேன் கூண்டில் இருப்பவன் கீழே நிற்பவனின் கையைத்தான் பார்ப்பான். கை மேலே காட்டினால் தூக்குவான், கீழே காட்டினால் இறக்குவான். ஏன், எதற்கு என்பதெல்லாம் கிடையாது. கை காட்டாவிட்டால் கொக்கி அசையாது. மருந்துக்கடைக்காரரோ, யாராவது கல்லாவுக்குமேல் குனிந்து காதோடு காதாக ஒரு மருந்தின் பெயரைச் சொன்னால், முகத்தைக்கூடப் பார்க்காமல் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார். யாருக்கு என்று கேட்கிற கடைக்கு யார் வருவார்கள்? அப்படித்தான் அவர் கடை ஓகோவென்று நடந்தது.

இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து ஒரு கூட்டுக் கணக்கு தொடங்கினார்கள். கப்பல் பயணத்துக்காக. இரண்டு தம்பதிகளும் சேர்ந்து கடலில் ஒரு வாரம் போய்வருவதாகத் திட்டம். மாதாமாதம் இருவரும் சமமாகப் பணம் போட்டார்கள். கணக்குக்கு ஒரு கார்டும் வந்தது.

அந்தக் கார்டில்தான் சிங்கம் நுழைந்தது.

இருவருக்கும் சர்க்கரை ஏறிவிட்டதென்று கேள்விப்பட்ட மருமகன், வேறு ஊரில் இருந்தபடியே இருவர் போனிலும் 'சிங்கநடை' என்றொரு நடைப்பயிற்சிச் செயலியை ஏற்றிவைத்தான். மாதச் சந்தா. இருவர் சேர்ந்தால் ஜோடித் திட்டம், சலுகை விலை. பணம் கூட்டுக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். விடியற்காலையில் போன் ஒரு கர்ஜனை செய்யும். பிறகு ஓர் ஆண்குரல், "எழுந்திரு சிங்கமே! காடு உனக்காகக் காத்திருக்கிறது!" என்று அலறும். முதல் நாள் அந்தக் குரலுக்குக் கிரேன்காரர் மட்டுமல்ல, மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள்.

அதையாவது பொறுத்திருக்கலாம். செயலி கோள் சொல்ல ஆரம்பித்தது. "உங்கள் ஜோடி உங்களை முந்திவிட்டார். பார்த்துக்கொண்டா இருக்கிறீர்கள்?" என்று கிரேன்காரருக்கு ஒரு செய்தி. அவர் விழுந்தடித்துக்கொண்டு போய் இரண்டு சுற்று கூடுதலாக நடந்துவிட்டு வருவார். அதே செய்தி அங்கே சம்பந்திக்குப் போகும். அவர் மூன்று சுற்று. சாயங்காலம் சந்திக்கும்போது இருவரும் முகம் முழுக்கச் சிரிப்போடு, "நீங்க நல்லா நடக்கறீங்க சம்பந்தி", "உங்க அளவுக்கு வருமா" என்று சொல்லிக்கொண்டே முழங்காலைத் தடவிக்கொள்வார்கள். ஒரு மாதத்தில் இருவரும் ஒரு கண்டத்தையே நடந்து கடந்திருப்பார்கள். கடைசியில் கிரேன்காரரின் மனைவி, "ரெண்டு பேரும் சாகறதுக்கா சந்தா கட்டறீங்க? நிறுத்துங்க" என்றாள். தொடர்பு துண்டிக்கப்பட்டது.

கிரேன்காரர் அன்றைக்கே ரத்து செய்தார். லேசில் விடவில்லை அந்தச் செயலி. நிச்சயமா, யோசித்தீர்களா, மறுபடி யோசித்தீர்களா என்று கேட்டுக்கேட்டு, கடைசியில் திரையில் ஒரு சிங்கக்குட்டியை உட்காரவைத்து அழவிட்டது. கிரேன்காரர் கல்நெஞ்சோடு விரலை அழுத்தினார். "உங்கள் ஜோடித் திட்டம் ரத்தானது. இனி பணம் எடுக்கப்படாது" என்று செய்தி வந்தது. சம்பந்தியிடம் காட்டினார். "நல்லதாப் போச்சு" என்று சம்பந்தி நாற்காலியில் சாய்ந்தார். அன்றைக்குச் சந்திரனையும் தாண்டிச் செவ்வாய் வரைக்கும் பேசினார்கள்.

அடுத்த மாதம் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. கூட்டுக் கணக்கிலிருந்து சிங்கநடைக்குச் சந்தா எடுக்கப்பட்டது.

பழைய பாக்கியாக இருக்கும் என்று விட்டார். அதற்கடுத்த மாதமும் வந்தது. அப்போதுதான் கிரேன்காரருக்குச் சுருக்கென்றது. கணக்கின் கடவுச்சொல் சம்பந்திக்கும் தெரியும். ஒருவேளை அவர் மறுபடி சேர்ந்துவிட்டாரோ? தனியாக, சத்தம் காட்டாமல் நடக்கிறாரோ?

சந்தேகம் ஒருதடவை வந்து உட்கார்ந்துவிட்டால் அதற்குச் சாட்சிகள் தானாக வந்து வரிசையில் நிற்கும். முதல் சாட்சி சம்பந்தியின் வயிறு. முன்பெல்லாம் அந்த வயிறு வீட்டுக்குள் நுழைந்து, உட்கார்ந்து, காபி குடிக்க ஆரம்பித்த பிறகுதான் சம்பந்தி வந்துசேர்வார். இப்போது சட்டைக்குள் ஆளைத் தேடவேண்டியிருந்தது. இரண்டாவது சாட்சி, காலை நேரம். போன் செய்தால் சம்பந்தியம்மா எடுத்து, "அவர்... வெளியே போயிருக்கார்" என்று ஒரு மாதிரி இழுத்தாள். காலையில் வெளியே போகிற மனுஷன் நடக்காமல் பறக்கவா போகிறார்?

"கேட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"என்னன்னு கேக்கறது?"

"நீங்க நடக்கறீங்களான்னு கேளுங்க. நாக்கு தேஞ்சிடுமா?"

"கேட்டா என்ன அர்த்தம்? பொதுப் பணத்தை எடுத்து நீங்க மட்டும் அனுபவிக்கறீங்கன்னு அர்த்தம். சம்பந்திகிட்ட கேக்கற கேள்வியா அது?"

"அப்ப கேக்காதீங்க. பணம் போகட்டும்."

"பணம் போகக்கூடாதே."

"அப்ப கேளுங்க."

"உனக்குப் புரியாது."

புரியாமல் என்ன? அவளுக்கு நன்றாகவே புரிந்தது. கேட்டால் சம்பந்தி முகம் சுருங்கிப்போவார். நாளை வரமாட்டார், நாளைமறுநாள் வரமாட்டார். சாயங்காலம் என்ற ஒன்று கிரேன்காரர் வாழ்க்கையிலிருந்தே போய்விடும். மறுபடியும் கூண்டு, ஒற்றை நாற்காலி. இந்தத் தடவை பறவைகள்கூட இல்லை. அதனால் அவர் கீழே நிற்கிறவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியாக ஒரு வார்த்தை சொல்லட்டும். சம்பந்தி சொல்லவில்லை. மாதங்கள் போயின. ஒவ்வொரு மாதமும் சிங்கம் தவறாமல் வந்து கடித்துவிட்டுப் போயிற்று.

கப்பல் கம்பெனியிலிருந்து மீதிப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தபோது கணக்கில் பள்ளம் விழுந்திருந்தது. இனி மறைக்க வழியில்லை. கிரேன்காரர் வங்கிக்குப் போன் போட்டார். அனுமதி இல்லாமல் எடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் கூட்டுக் கணக்கு என்பதால் இருவரும் நேரில் வரவேண்டும் என்றார்கள்.

அன்று சாயங்காலம் கிரேன்காரர் ரொம்ப நேரம் சந்திரனிலேயே சுற்றிவிட்டு, "சம்பந்தி, நாளைக்கு ஒரு சின்ன வேலையா பேங்க் வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்றார்.

மருந்துக்கடைக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். "போலாமே. எனக்கும் அங்கே... ஒரு சின்ன வேலை இருந்தது."

என்ன வேலை என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

புகார்ப் பிரிவு அதிகாரி இளம்பெண். மேசைமேல் ஒரு குட்டி மின்விசிறி, அதற்கு முன்னால் பறக்காமல் இருக்கக் காகிதங்களின்மேல் ஸ்டேப்ளர், பஞ்சிங் மெஷின், அவளுடைய சாப்பாட்டு டப்பா என்று பாரம் வைத்திருந்தாள். கிரேன்காரர் மனைவியும் கூடவே வந்து பின்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அதிகாரி ரத்துச் செய்தியைப் படித்தாள். எடுக்கப்பட்ட பணத்தைத் திரையில் பார்த்தாள்.

"தெளிவா இருக்கு சார். ரத்து பண்ணின பிறகும் எடுத்திருக்காங்க. இப்படி நிறைய வருது. ஒரு உறுதிமொழி மட்டும் வேணும்." ஒரு படிவத்தை இழுத்து வாசித்தாள். "மேற்கண்ட பரிவர்த்தனைகளை நானோ, என்னோட கூட்டுக் கணக்குதாரரோ செய்யவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை. ரெண்டு பேரும் இதுல கையெழுத்துப் போடுங்க. பொய்யா இருந்தா சட்டப்படி நடவடிக்கை வரும். அது சும்மா, பயப்படாதீங்க."

பேனா மேசைமேல் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

கிரேன்காரரின் தலைக்குள் துறைமுகமே சுழன்றது. தான் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் சம்பந்தி? பாவம், ரகசியமாக நடந்த மனுஷன், அரசாங்கத்துக்கே பொய் எழுதித்தரவேண்டி வரும். போலீஸ் வந்து சம்பந்தியின் மெலிந்த இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதும், மகள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று அழுவதும், தன் வீட்டு அழைப்பு மணியில் சிலந்தி கூடு கட்டுவதும் அடுத்தடுத்துக் கண்முன் ஓடின. சம்பந்தியைக் காப்பாற்ற ஒரே வழிதான் தெரிந்தது.

"அம்மா, எழுத வேணாம். அந்தத் திட்டத்தை நான்தான் மறுபடி சேர்ந்து வச்சிருக்கேன்" என்றார்.

அவர் வாய் மூடும் முன்பே பக்கத்திலிருந்து, "இல்லைம்மா, அது நான்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அதிகாரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"சம்பந்தி, நீங்க சும்மா இருங்க. நான்தான்."

"சேச்சே, நான்தான் சம்பந்தி. தினமும் நடக்கறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க பழி? நடந்தது நான்."

"அதெப்படி, நீங்க நடந்தா நான் விட்டுடுவேனா? நான்தான் நடந்தேன்."

பிஸ்கட்டுக்கு நடந்த அதே உபசாரம். பிஸ்கட் இருந்த இடத்தில் குற்றம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதிகாரி பேனாவை எடுத்து மூடினாள். "சார், உங்கள்ல ஒருத்தர் சேர்ந்திருந்தாலும் இது அனுமதியோட எடுத்த பணம். ரெண்டு பேரும் சேர்ந்திருந்தா கேக்கவே வேணாம். ஒரு காசு திரும்ப வராது."

அப்போது பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. கிரேன்காரர் மனைவி எழுந்து வந்திருந்தாள்.

"இந்த மனுஷனா நடந்தார்? இவரா?" என்று கணவரைச் சுட்டிக்காட்டினாள். "பால்கனி வரைக்கும் போய்த் துண்டை எடுத்துட்டு வந்தா அன்னிக்கு மத்தியானம் ஓய்வு எடுக்கணும் இவருக்கு. நேத்து டிவி ரிமோட் ரெண்டடி தள்ளி விழுந்துது. எடுக்கச் சோம்பல் பட்டு ஒருமணி நேரம் புரியாத பாஷையில சமையல் பார்த்தார்."

மருந்துக்கடைக்காரர் மெல்லத் திரும்பினார். "அப்ப... நீங்க நடக்கலையா?"

"நான் எங்கேங்க நடந்தேன்! நீங்க நடக்கறீங்களேன்னுதான்..."

"நானா? நான் ஏன் நடக்கறேன்?"

"பின்னே உங்க வயிறு எங்கே போச்சு?"

மருந்துக்கடைக்காரர் வங்கியைச் சுற்றிப் பார்த்தார். கடைக்கு வந்து காதோடு காதாகப் பேசுகிறவர்களின் குரல் இப்போது அவருக்கே வந்திருந்தது. "பல் செட்டு. ரெண்டு வரிசையும். சரியா உட்காரல. கஞ்சிதான் குடிக்கறேன். தினம் காலையில பல் டாக்டர்கிட்ட போய் அதைத் தேய்ச்சுத் தேய்ச்சு வாங்கிட்டு வர்றேன். வெளியே சொல்லவா முடியும்?"

"என்கிட்டகூடவா?"

"உங்ககிட்டதான் முடியாது. நீங்க சம்பந்தி!" அவர் குரல் ஏறியது. "நான் கேக்கறேன், நீங்க மட்டும் சொன்னீங்களா? கொஞ்ச நாளா போட்டுட்டிருக்கீங்களே, அந்த வெள்ளை ஷூ எதுக்கு? ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி புசுபுசுன்னு! பணம் போற செய்தி எனக்கும்தான் வந்தது, அந்த ஷூவைப் பார்த்துத்தான் நான் முடிவே பண்ணேன். சம்பந்தி மறுபடி ஆரம்பிச்சுட்டார், நம்மகிட்ட சொல்ல வெக்கப்படறார், போகட்டும்னு விட்டேன்."

"அது கால் ஆணிங்க! சாதாரணச் செருப்பு போட்டா உயிர் போகுது."

"கால் ஆணியா?" மருந்துக்கடைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "வாழ்நாள் முழுக்க மருந்துக்கடை வச்சவன் தினம் உங்க வீட்டு நாற்காலியில வந்து உட்கார்றேன். ஒரு வார்த்தை சொன்னா ஒரு பிளாஸ்டர்ல எடுத்திருப்பேனே! அதை விட்டுட்டு இவ்வளவு விலையில ஷூ வாங்கி, என்னையும் சந்தேகப்பட வச்சு..."

"நீங்க கேட்டிருக்கலாமே!"

"நீங்க கேட்டீங்களா?"

"நான் எப்படிக் கேப்பேன்? பெண்ணைக் கொடுத்தவன்!"

"நான் பையனைக் கொடுத்தவன்! எனக்கு மட்டும் வாய் வருமா?"

இவ்வளவு காலமாகச் சேர்த்துவைத்த கேள்விகள் எல்லாம் அணை உடைந்த மாதிரி கொட்டின. வரிசையில் நின்றவர்கள் தங்கள் டோக்கன் எண்ணை மறந்தார்கள். காவலாளி, தடுக்க வருவதுபோல் வந்து, நன்றாகக் கேட்கிற தூரத்தில் நின்றுகொண்டார்.

"சார்! சார்!" அதிகாரி பஞ்சிங் மெஷினால் மேசையைத் தட்டினாள். "உங்க சண்டையை அப்புறம் போடுங்க. ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னு சொன்னதை என் ரெண்டு காதாலயும் கேட்டுட்டேன். இப்ப இல்லைன்னா நான் எதை நம்பறது?"

"மரியாதைக்குச் சொன்னதும்மா அது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பேங்க்ல மரியாதைக்கு எல்லாம் குற்றத்தை ஒத்துக்கக்கூடாது சார்."

"அந்தக் கம்பெனிக்கே போன் போடுங்க" என்றாள் கிரேன்காரர் மனைவி. "யார் எவ்வளவு நடந்தாங்கன்னு அவன்கிட்ட கணக்கு இருக்கும். முதல்ல அவன்தானே கோள் சொல்லிட்டிருந்தான்?"

அதிகாரிக்கு அது சரியாகப் பட்டது. எண்ணைச் சுழற்றி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். ஒரு கர்ஜனை கேட்டது. பிறகு காத்திருக்கச் சொல்லிக் காட்டுப் பறவைகள் கூவின. கூவின, கூவின, ஒரு காடே அழிந்து மறுபடி முளைக்கிற அளவுக்குக் கூவின. கடைசியில் ஒரு பையனின் குரல் வந்தது.

"வணக்கம் சிங்கமே! உங்களுக்கு எப்படி உதவலாம்?"

அதிகாரி வங்கியின் பெயரையும் கணக்கு விவரத்தையும் சொன்னாள். ரத்துக்குப் பிறகு இந்த ஜோடி செயலியைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று கேட்டாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. கிரேன்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே ஒரு மூலையில், ஒருவேளை சம்பந்தி நடந்திருந்தால் என்று ஒரு பயம். பக்கத்தில் பார்த்தார். சம்பந்தியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்து செஞ்ச நாளுக்கு அப்புறம் ரெண்டு பேருமே ஒருதடவைகூடத் திறக்கலைங்க மேடம். நடந்த அடி, பூஜ்யம். இன்னொருத்தர், அவரும் பூஜ்யம். எங்க பட்டியல்ல இவங்க நிலவரம் 'உறங்கும் சிங்கம்'னு இருக்கு. ரெண்டு பேருமே."

"அப்ப எதுக்குப் பணம் எடுத்தீங்க?"

"அது... சிஸ்டம் தானா எடுக்கும் மேடம். தூங்கற சிங்கத்தை எழுப்பறதுதான் எங்க நோக்கம்."

"உங்க நோக்கத்தை எழுத்துல அனுப்புங்க" என்று சொல்லி அதிகாரி தொடர்பைத் துண்டித்த வேகத்தைப் பார்த்துக் கிரேன்காரர் மனைவி மெச்சிக்கொண்டாள்.

ஆயுளில் முதல்தடவையாகச் சோம்பேறித்தனத்துக்கு அதிகாரபூர்வமான சான்று கிடைத்திருந்தது. அதிகாரி படிவத்தை மறுபடி தள்ளினாள். கிரேன்காரர் பேனாவை எடுத்தார். கூட்டுக் கணக்குதாரர் செய்யவில்லை என்ற வரியில் ஒரு நிமிடம் நின்றார். பிறகு, தன் பெயரைவிடப் பெரிதாக ஒரு கோடு இழுத்துக் கையெழுத்தைப் போட்டார். சம்பந்தியும் போட்டார். யார் முதலில் என்று இருவரும் யோசிக்கவில்லை. அதை அவர்களே கவனிக்கவும் இல்லை.

"இனிமே அவங்க எடுக்க முடியாதபடி தடுத்துடறேன். பழைய கார்டையும் நிறுத்திட்டுப் புதுசு தர்றேன்" என்றாள் அதிகாரி. "ஆனா ஒண்ணு. கடைசி மூணு மாசத்துப் பணம்தான் கேக்க முடியும். அதுக்கு முன்னாடி எடுத்தது காலம் கடந்துபோச்சு. முதல் மாசமே வந்திருந்தா எல்லாத்தையும் வாங்கிக் குடுத்திருப்பேன். ஏன் சார் வரல?"

இருவரும் குட்டி மின்விசிறியையே பார்த்தார்கள்.

திரும்பி வரும் வழி முழுக்கச் சண்டை. போன பணத்துக்கு யார் பொறுப்பு? ரத்து செய்தவர் சரிபார்த்திருக்கவேண்டும் என்றார் மருந்துக்கடைக்காரர். மகனை அடக்காமல் கண்ட செயலியையும் ஏற்றவிட்டவர்தான் பொறுப்பு என்றார் கிரேன்காரர். "என் பையனைப் பத்திப் பேசாதீங்க." "உங்க பையன் என் மருமகன், நான் பேசுவேன்." தெருமுனையில் மருந்துக்கடைக்காரர் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் விறுவிறுவென்று தன் தெருவில் திரும்பினார். வயிறு இல்லாததால் வேகமாகவே போனார்.

கிரேன்காரர் வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தார். கோபம் காபி ஆறுவதற்குள் ஆறிவிட்டது. அது போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. என்னவெல்லாம் சொல்லிவிட்டோம்! வங்கியில், அத்தனை பேர் முன்னால், சம்பந்தியை வயிறு எங்கே என்று கேட்ட மனுஷன் உலகத்தில் வேறு எவனாவது உண்டா?

"பணம் பாதியாவது வருதில்ல? முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"வரமாட்டார்."

"யாரு?"

"இனிமே வரமாட்டார்."

சாயங்காலம் மனைவி வழக்கம்போல மூன்று கோப்பைகளை எடுத்துவைத்தாள். கிரேன்காரர் சட்டை மாற்றிக்கொள்ளவில்லை. கதவுக்குப் பின்னாலும் போய் நிற்கவில்லை. வெளிச்சம் தரையில் நகர்ந்து, சுவரில் ஏறி, மங்கியது. லிஃப்ட் இரண்டு தடவை அந்த மாடியில் நின்றது. இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

பிறகு அழைப்பு மணி அடித்தது. ஒருதடவை அல்ல, விரலை எடுக்காமல்.

கதவைத் திறந்தால் மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. 'வணக்கம் சம்பந்தி'யும் இல்லை, 'நல்லா இருக்கீங்களா'வும் இல்லை. வாசலிலேயே விரலை நீட்டி, "இன்னொண்ணு சொல்ல விட்டுப்போச்சு! வீட்டுக்குப் போனப்புறம்தான் ஞாபகம் வந்தது" என்றார்.

"என்ன?"

"அந்தச் சிங்கக்குட்டி அழுதப்ப போட்டோ எடுத்து வச்சிருந்தா இன்னிக்கு நல்ல சாட்சியா இருந்திருக்கும். நீங்க எடுக்கல. அது யார் தப்பு?"

"அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே!"

"அதான் இப்ப சொல்ல வந்திருக்கேன்!"

கிரேன்காரர் வழிவிடுவதற்குள் சம்பந்தி அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டில் கடைசியாக இருந்த பிஸ்கட்டைக் கிரேன்காரர் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தார். சிங்கக்குட்டியில் தொடங்கியது கப்பலுக்குப் போயிற்று. இப்போது இருக்கிற பணத்துக்கு ஜன்னல் வைத்த அறை ஒன்றுதான் கிடைக்கும், இன்னொன்று ஜன்னல் இல்லாதது. ஆயுள் முழுக்க ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தவருக்கு இன்னும் எதற்கு ஜன்னல் என்றார் ஒருவர். ஆயுள் முழுக்க மருந்து அலமாரியைப் பார்த்தவர் இன்னும் ஒரு வாரம் சுவரைப் பார்த்தால் என்ன குறைந்துபோய்விடும் என்றார் மற்றவர். ஏழாம் மாடிக் குடும்பம் ஜன்னலைத் திறந்து கேட்டது.

மகளின் போன் வந்தது. சம்பந்தியம்மாவிடமிருந்து அரைகுறையாக ஏதோ கேள்விப்பட்டிருந்தாள்.

"அப்பா, பின்னால என்ன சத்தம்? மாமாவா? உங்களுக்குள்ள சண்டையாப்பா?"

"ஆமாம்மா" என்றார் கிரேன்காரர். "நல்லாப் போயிட்டிருக்கு. அப்புறம் பேசறேன்."

துண்டித்துவிட்டார்.